மணப்பாடு கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலங்கள்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய கடற்கரை ஊர்கள் உள்ளன. இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த 1973 சனவரியில், தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. 43 ஆண்டுகளுக்குப் பின், 2016 சனவரி 11 அன்று, மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழிப் பகுதிகளில் அதே இனத்தைச் சேர்ந்த 80-க்கும் மேற்பட்டவை ஒதுங்கத் தொடங்கின.

மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டனர். படகில் கட்டியும் இழுத்துச் சென்றனர். சில திமிங்கிலங்கள் மீண்டும் கரைக்கே திரும்பின. 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. அவை கடற்கரையிலேயே புதைக்கப்பட்டன.

இவ்வினத்தின் இயல்பை அறிந்தால் இவ்வாறு திரும்பி வந்தது வியப்பளிக்காது. பெயரில் திமிங்கிலம் என்றாலும், இது பற்களுடைய ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. பலீன் தகடுகளால் இரையை வடிகட்டி உண்ணும் நீலத் திமிங்கிலத்திலிருந்து இது வேறுபட்டது. ஆழ்கடலில் மூழ்கிக் கணவாய்களை வேட்டையாடும்; ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையையும் வழியையும் அறியும். தாய்வழி உறவால் பிணைந்த கூட்டமாக வாழும். சரிவு குறைந்த மணற்கரையில் எதிரொலி தெளிவாகக் கிடைப்பதில்லை. அங்கு ஒன்று சிக்கினால் மற்றவை அதனை விட்டு விலகுவதில்லை. ஆழ்கடலில் இவற்றைக் காக்கும் உறவே கரையில் ஆபத்தாகிறது. எனவே ஒன்றிரண்டை மட்டும் கடலில் விடுவது பயன்தராது. கூட்டத்தை ஒன்றாக ஆழத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.