காம்போசிஷன் நோட்டு

என் அண்ணன் பிள்ளை தாம்பரம் பக்கத்தில் ஒரு காலேஜில் பி.ஏ. படிக்கிறான். வீடு குரோம்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெரு. ஒரு நாள் இரவு சாப்பாடு ஆனபின் கையில் ஒரு தாளோடு வந்தான்.

"சித்தப்பா, இதுக்குப் பத்துக்கு மூணு போட்டிருக்காங்க. நீங்களே படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று நீட்டினான்.

கிராமப்புறத்தில் ஒரு காலை நடை என்பது வியாசத்தின் தலைப்பு. இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். பையன் கிழக்குத் தாம்பரத்தில் புறப்பட்டு, ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி, மேற்குத் தாம்பரத்தில் இறங்கி நடந்திருக்கிறான். வானம்பாடி பாட வேண்டிய இடத்தில், செங்கல்பட்டு வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கி பாடுகிறது. சலசலத்து ஓட வேண்டிய ஓடை, தண்ணீர் லாரியின் பின்புறமிருந்து ஒழுகிக்கொண்டு போகிறது. இடையன் வருகிறான், ஆனால் அவன் ஆடுகள் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க முடியாமல் திகைத்து நிற்கின்றன. கடைசியில் ஒரு கூரைக் குடிசை. அதில் டீயும் மசால் வடையும் கிடைக்கின்றன. அதோடு நடை முடிகிறது.

நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். கீழே சிவப்பு மையில், தலைப்பை விட்டு விலகிவிட்டது என்ற அர்த்தத்தில் ஒரு வரி. அவனுக்கு ஆறுதலாக எதையாவது சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பழைய பாவம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நானும் காலேஜில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன்தான். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அது வேறு கதை. அந்த இரண்டு வருஷத்தில், குளிர்கால மாலையில் கணப்பின் அருகே என்று ஒரு வியாசம் எழுதினேன். எழுதியது ஏப்ரல் மாதம். முழங்கையிலிருந்து வேர்வை வடிந்து தாளை நனைத்துக்கொண்டிருந்தது. வெளியே பனி பெய்வதாகவும், கணப்பில் விறகு வெடிப்பதாகவும், பாட்டி கம்பளி பின்னுவதாகவும் எழுதினேன். என் பாட்டி வாழ்நாளில் கம்பளி பின்னியதில்லை. கணப்பு என்பதைக் கோட்டை அடுப்பு மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பத்து ரூபாய் கைடிலிருந்து நெட்டுருப் போட்டது. எனக்குப் பத்துக்கு ஏழு கிடைத்தது.

பொய் சொன்னவனுக்கு ஏழு, நிஜத்தைச் சொன்னவனுக்கு மூன்று. இந்தக் கணக்கு எப்போது ஆரம்பித்தது என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

மெக்காலே துரை தன் பிரசித்தமான குறிப்பை எழுதியது 1835-ல். அதற்கு இரண்டே வருஷம் கழித்து, 1837-ல், ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை அர்மீனியன் தெருவில் வாடகை வீடு ஒன்றில் 59 பையன்களோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். பிற்பாடு வில்லியம் மில்லர் கையில் அது வளர்ந்து, 1877-ல் சென்னை கிறிஸ்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. தாம்பரத்துக்கு அது குடிபெயர்ந்தது வெகு காலத்துக்குப் பிறகு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931-க்கும் ஆறு வருஷம் கழித்து, 1937-ல்தான் சேலையூர்க் காட்டுக்குக் கல்லூரி வந்தது. அதற்கு முன் ஐகோர்ட்டுக்கு எதிரே, வண்டிச் சத்தத்துக்கும் வக்கீல் குமாஸ்தாக்களின் கூட்டத்துக்கும் நடுவில் இருந்தபடியேதான் பையன்கள் வானம்பாடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீமையிலேயே அப்போது இங்கிலீஷ் இலக்கியம் பெரிய படிப்பாகக் கருதப்படவில்லை. அங்கே கனவான்களுக்கு லத்தீனும் கிரேக்கமும்தான் படிப்பு. ஆக்ஸ்போர்டில் இங்கிலீஷ் இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப் படிப்பு ஏற்பட்டதே 1890-களில்தான். சென்னை சர்வகலாசாலை 1857-ல் பிறந்தது. ஆக, ஆக்ஸ்போர்டு மாணவன் ஷேக்ஸ்பியரில் பரீட்சை எழுதுவதற்கு வெகு காலம் முன்பே திருநெல்வேலிப் பையனும் யாழ்ப்பாணத்துப் பையனும் எழுதி, தேறியும் தோற்றும் இருக்கிறார்கள். தங்கள் வீட்டில் தாங்களே உண்ணாத பண்டத்தை முதலில் நமக்குப் பரிமாறிப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாமும் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. இங்கிலீஷில் பரீட்சை எழுதித் தேறிய அந்த மனிதர் பிற்பாடு ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தார்; 1887-ல் கலித்தொகையை அச்சில் கொண்டு வந்தார். காம்போசிஷன் நோட்டு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அதைத் திருத்துகிற உபாத்தியாயரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மில்லர் துரையிடம் வருகிறேன். பெரிய மனிதர். 1862-ல் வந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் உழைத்தார். ஷேக்ஸ்பியர் என்றால் அவருக்கு உயிர். ஆனால் நாடகத்தை நாடகமாக விடமாட்டார். பிழிந்து நீதி எடுப்பார். ஷேக்ஸ்பியரின் லியர் அரசனும் இந்திய அரசியலும் என்ற பொருளில் 1900-ல் ஒரு புஸ்தகமே போட்டார். மாக்பெத், ஒதெல்லோ, ஹாம்லெட் மூவரைப் பற்றியும் அடுத்தடுத்து எழுதினார். லியர் அரசனுக்கும் சென்னை ராஜதானிக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் பையனாவது சிரித்திருக்க மாட்டானா? வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டாவது சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பைப் பதிவு செய்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே படித்த இரண்டு பையன்களைப் பற்றி நமக்குத் தெரியும். இருவரும் 1892-ல் பி.ஏ. தேறியவர்கள்.

ஒருவர் மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி, சூரியநாராயண சாஸ்திரி. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மில்லர் வகுப்பில் டென்னிசனை நடத்திக்கொண்டிருக்கிறார். துடுப்புகளோடு நகரும் படகை அன்னப்பறவைக்கு ஒப்பிடும் இடம் வருகிறது. இத்தகைய உவமை உங்கள் பாஷையில் உண்டா என்ற பாவனையில் துரை கேட்கிறார். சாஸ்திரி எழுந்து, குகன் ஓடம் செலுத்தும் கம்பன் பாட்டைச் சொல்லி, டென்னிசனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்கிறார். துரைக்குக் கோபம் வரவில்லை. மகிழ்ந்து போனார் என்பார்கள். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, நான் அறியேன். ஆனால் கதையைச் சொல்லி வந்த காலேஜ் பையன்களுக்கு இது எவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது என்று மட்டும் புரிகிறது. எழுந்து நின்று ஒரு பாட்டுச் சொல்ல முடிந்தவனை அவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சாஸ்திரி பிறகு அதே கல்லூரியில் தமிழ் கற்பித்தார். தன் பெயரையும் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞன் என்று வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் வகுப்பில் படித்ததை அவர் வீண் போகவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினான்கு வரியில் சானெட் என்று ஒரு பாட்டு வகை உண்டு. அதை நாமும் அசை பிரித்துப் பாடம் ஒப்பித்தவர்கள்தான். அவர் அந்தப் பதினான்கு வரியை எடுத்துத் தமிழில் பாட்டுகள் செய்து, தனிப்பாசுரத் தொகை என்று வெளியிட்டார். ஷேக்ஸ்பியரைப் படித்த கையோடு ரூபாவதி, கலாவதி என்று தமிழ் நாடகங்கள் எழுதினார். நாடகவியல் என்று இலக்கணமும் எழுதினார். வீட்டுப் பாடத்தை இப்படிச் செய்த மாணவனுக்கு எத்தனை மார்க்குப் போடுவது?

அவருக்குத் துணையாக நின்றவர் எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளை. இவர் அங்கே இங்கிலீஷ் ஆசிரியர். பகலில் இங்கிலீஷ் பாடம் நடத்துவார். சாஸ்திரியோடு சேர்ந்து 1897-ல் ஞானபோதினி என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். தமிழ் இலக்கிய வரலாற்றை இங்கிலீஷில் எழுதினார். சர்வகலாசாலையில் தமிழை விலக்கும் யோசனை 1902-ல் பிரஸ்தாபத்துக்கு வந்தபோது, எதிர்த்துக் கிளம்பியவர்களில் இந்த இருவரும் முன்னால் நின்றார்கள். சாஸ்திரி மறு வருஷமே, 33 வயதில், காலமானார். 33 வயதில் நான் இரண்டாவது நாவலை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

1892-ல் தேறிய மற்றொருவர் அ. மாதவையா. இவரிடம்தான் நான் தேடிய சிரிப்பு இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்துக்காரர். கல்லூரி 1883 முதல் ஒரு பத்திரிகை நடத்தி வந்தது. அதில் இங்கிலீஷில் எழுதிக் கை பழகினார். பிறகு உப்பு இலாகாவில் உத்தியோகம். உப்பளத்துக் கணக்கைப் பார்த்த கை 1898-ல் பத்மாவதி சரித்திரத்தை வெளியிட்டது. 1903-ல் 'பம்பா' என்ற புனைபெயரில் தில்லை கோவிந்தன் என்ற நாவலை இங்கிலீஷில் எழுதினார். கிராமத்துப் பிராமணப் பையன் ஒருவன் பட்டணத்துக்குப் படிக்கப் போய், படிப்பும் நம்பிக்கையும் ஒன்றோடொன்று மோதித் திண்டாடும் கதை. 1916-ல் அது லண்டனிலும் பதிப்பாயிற்று. கிராமத்தையும் சரி, பட்டணத்தையும் சரி, இவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளைக்காரன் பாஷையிலேயே நம் வீட்டுத் திண்ணையையும் எச்சில் இலையையும் கல்யாணச் சண்டையையும் எழுதினார். கணப்பையும் பனியையும் எழுதிக் காட்டி ஏழு மார்க்கு வாங்குகிற புத்தி அவருக்கு இல்லை. அல்லது, வாங்கி முடித்துவிட்டு அதைத் தாண்டி வந்தார் என்று சொல்லலாம். முதல் வகுப்பில் தேறியவர் அல்லவா?

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பரீட்சை மார்க்குக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. புரசைவாக்கத்தில் வளர்ந்த ஆர்.கே. நாராயண் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தோற்றது வேறெதிலும் அல்ல, இங்கிலீஷில். இதே கிறிஸ்துவக் கல்லூரியில் எம்.ஏ. படித்த ராதாகிருஷ்ணன், பாதிரியார்கள் வேதாந்தத்தைக் குறை சொன்னதற்குப் பதிலாகவே, பட்டத்துக்கு எழுத வேண்டிய கட்டுரையை வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதினார். அவருடைய ஆசிரியர் ஹாக் அதைப் பாராட்டினார். எதிர்க் கட்சி பேசின மாணவனுக்குச் சான்று கொடுத்த ஆசிரியரும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்; உபாத்தியாயர்களையே ஒரேயடியாகக் கழுவேற்றக் கூடாது. நாமெல்லாரும் பயந்த ரென்–மார்ட்டின் இலக்கணப் புஸ்தகத்தின் ரென் துரையே பாலைவனப் பட்டாளத்தைப் பற்றி நாவல் எழுதிப் புகழ் பெற்றவர்தான். பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் புஸ்தகத்தை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

மாதவையாவின் முடிவைச் சொல்லாமல் விட முடியாது. உத்தியோகத்திலிருந்து விலகியபின் 1924-ல் பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சர்வகலாசாலையின் செனட் சபையில் அங்கத்தினராகவும் இருந்தார். 1925-ம் வருஷம் அக்டோபர் 22-ம் தேதி. பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சபையில் எழுந்து பேசினார். காம்போசிஷன் நோட்டில் பழகிய பாஷை வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கைகொடுத்தது; லண்டனில் புஸ்தகம் போடும் அளவுக்கு. அப்படிப்பட்டவர் அன்று கேட்டது, வருகிற பையன்கள் தமிழையும் படித்தாக வேண்டும் என்பதை. பேசி முடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போயிற்று. வயது 53.

இதையெல்லாம் அண்ணன் பிள்ளைக்குச் சொல்லலாம் என்று மறுநாள் போனேன். பையன் ஈஸிசேரில் சாய்ந்து கையில் போனை வைத்திருந்தான். இப்போதெல்லாம் தலைப்பைக் கொடுத்தால் யந்திரமே அரை நிமிஷத்தில் வியாசம் எழுதித் தருகிறதாம். "அதே தலைப்பை இதுகிட்டக் கேட்டேன் சித்தப்பா. பாருங்க" என்று காட்டினான். வானம்பாடி இருந்தது. ஓடை இருந்தது. பனித்துளி, மேய்ச்சல் நிலம், தூரத்து மணியோசை எல்லாம் இருந்தன. கைடில் நான் நெட்டுருப் போட்ட அதே நடை. பிழை மட்டும் இல்லை.

"இதையே எழுதிக் கொடுத்துடலாமா? ஏழு எட்டு வரும்" என்றான்.

"உன் இஷ்டம்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய தாளை எடுத்தான்.

"மசால் வடைக்கு இங்கிலீஷ்ல என்ன சித்தப்பா? அதை அப்படியே எழுதினதுக்கு ஒரு மார்க்குக் குறைச்சிருக்காங்க."

எனக்குத் தெரியவில்லை. மசால் வடை என்றே எழுதச் சொன்னேன்.