அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியுரிமைக் காப்பு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெருந்தரவுகளை ஆய்வோர், பெயர்களை நீக்கிவிட்டால் தனிமனிதரின் தனியுரிமை காக்கப்பட்டுவிடும் எனக் கருதுவதுண்டு. அக்கருத்தின் பொருத்தப்பாட்டை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

உறுதிமொழியும் சட்டமும்

1790இல் நிகழ்ந்த முதல் கணக்கெடுப்பில் மறைப்பு என்பதே இல்லை. குடும்பத் தலைவர்களின் பெயர்ப்பட்டியலை மக்கள் மிகுதியாகக் கூடும் இரண்டு இடங்களில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது விதி. 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான், பெற்ற விவரங்களை வெளியிடுவதில்லை எனக் கணக்கெடுப்பாளர் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. பின்னர்ச் சட்டப் பாதுகாப்பும் அமைந்தது.

சட்டம் அளித்ததைச் சட்டமே பறிக்கவும் கூடும் என்பது 1942இல் புலனாயிற்று. அவ்வாண்டின் இரண்டாம் போர் அதிகாரச் சட்டம் இப்பாதுகாப்பை விலக்கியது. 1943இல் வாஷிங்டன் நகரில் வாழ்ந்த ஜப்பானிய வழியினரின் பெயர்களும் முகவரிகளும் கருவூலத் துறைக்கு வழங்கப்பட்டன. மார்கோ ஆண்டர்சன், வில்லியம் செல்ட்சர் ஆகியோர் 2007இல் இதனை ஆவணச் சான்றுடன் வெளிப்படுத்தினர்.

பெயரற்ற தரவு

பெயரில்லாத தரவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கரில் 87 விழுக்காட்டினரைத் தனித்து இனங்காணக் கூடும் என, 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தரவைக்கொண்டு லதான்யா சுவீனி 2000இல் மதிப்பிட்டார். இம்மூன்றும் வாக்காளர் பட்டியல் போன்ற பிற ஆவணங்களிலும் இடம்பெறுவதால், இரண்டையும் பொருத்தினால் பெயர் வெளிப்பட்டுவிடும். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அட்டவணைகளைக் கணக்கெடுப்பு நிறுவனமே சோதித்தது. அவற்றிலிருந்து தனியாள் பதிவுகளை மீட்டுருவாக்கி, வணிகத் தரவுகளோடு பொருத்தியபோது, மக்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரின் அடையாளம் சரியாக வெளிப்பட்டது.

கணிதக் காப்பு

ஒருவரது பதிவு தரவில் இருப்பினும் இல்லாவிடினும் முடிவு பெரிதும் மாறாதவாறு, எண்களில் அளவறிந்த தற்செயல் பிழையைக் கலக்கும் முறையைச் சிந்தியா துவொர்க் முதலியோர் 2006இல் வகுத்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இதனைக் கைக்கொண்டது. மாநிலங்களின் மொத்த மக்கள்தொகை மாற்றப்படவில்லை. எனினும், சிற்றூர்கள், சிறுபான்மைக் குழுக்கள் பற்றிய எண்களின் துல்லியம் குறையும் என ஆய்வாளர் பலர் கவலை தெரிவித்தனர்.

முடிவுரை

உறுதிமொழி கணக்கெடுப்பாளரையும், சட்டம் அலுவலகத்தையும் கட்டுப்படுத்துகின்றன. கணிதம் வெளியிடப்பட்ட அட்டவணையைக் காக்கிறது. 1943இல் பெயர்கள் அலுவலகத்திலிருந்தே சென்றன. அதனை எக்கணிதமும் தடுத்திராது. 2010ஆம் ஆண்டு அட்டவணைகளோ சட்டப் பாதுகாப்பு இருந்தும் தனியாள் விவரங்களைக் கசியவிட்டன. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. எக்காப்பை மேற்கொண்டோம், அதனால் எத்துணைத் துல்லியத்தை இழந்தோம் என்பதைத் தம் ஆய்வேட்டில் பதிவுசெய்தல் தரவாய்வாளரின் கடமையாகும்.