வெற்றிடமும் மூன்றாம் இடமும்

சட்டசபையில் ஓர் ஆசனம் வெறுமையானால், இடைத்தேர்தல் நடத்தி அதனை நிரப்புவது குடியாட்சியின் பழைய மரபு. உறுப்பினர் மறைந்தாலும் வாக்காளர் மறைவதில்லை என்பதே அம்மரபின் அடிப்படை. டயகம முதல் மஸ்கெலியா வரை பரந்த தேயிலைத் தோட்டங்களிலோ வாக்காளரே பட்டியலிலிருந்து மறைந்தனர்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும் வெற்றி பெற்றனர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியினர் ஒருவரேனும் தெரிவாகவில்லை.

இவ்வெற்றிடத்தை நிரப்ப நியமன முறை வந்து உதவியது. 1960இல் சுதந்திரக் கட்சி ஆட்சியிலும், 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியிலும் தொண்டமான் நியமன உறுப்பினரானார். 1970இல் சுதந்திரக் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, அந்த வாய்ப்பு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசின் அப்துல் அஸீசுக்குக் கிட்டியது. இருவரும் தொழிலாளர் தலைவர்களே. ஆயினும் எவர் அமர்வது என்பதைத் தீர்மானித்தது கொழும்பேயன்றிக் கொழுந்து பறித்த கரங்கள் அல்ல. இரு பெருங்கட்சிகளுள் ஒன்றின் தயவால் பெற்ற ஆசனம் அத்தயவு உள்ளவரையே நிலைக்கும்.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தது. முதலிடத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, இரண்டாமிடத்தில் சுதந்திரக் கட்சியின் அனுர பண்டாரநாயக்க, மூன்றாமிடத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தொண்டமான் தெரிவாயினர். ஓர் உறுப்பினர் தொகுதியில் மூன்றாம் இடம் தோல்வி; இங்கே அதுவே மலையகத்தின் வெற்றியாயிற்று. பிரஜாவுரிமை பெற்ற தோட்ட மக்களின் வாக்கு முப்பதாண்டுகளின் பின் ஓர் ஆசனத்தை நிரப்பியது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தலைக் கொணர்ந்தது. வெற்றிடங்களை இடைத்தேர்தலின்றி அந்தந்தக் கட்சியிலிருந்தே நிரப்பும் முறையும் அதனோடு வந்தது. 1994இல் 225 ஆசனங்களில் பொதுஜன ஐக்கிய முன்னணி பெற்றவை 105. முஸ்லிம் காங்கிரசின் ஏழும் சேர்ந்து 112. பெரும்பான்மைக்கு வேண்டிய 113ஆவது ஆசனமாக அமைந்தது, நுவரெலியாவில் சுயேச்சையாகத் தெரிவான பெ. சந்திரசேகரனின் ஆதரவே.

ஆள்வோர் எவர் என்பதே இரு கட்சி அரசியல் எழுப்பும் வினா. குடியுரிமையும் கூலியும் குடியிருக்க ஒரு துண்டு நிலமும் வேண்டிய மக்களுக்கு அவ்வொரு வினா போதவில்லை. தயவால் நிரம்பிய ஆசனம் ஆட்சியாளரை நோக்கிப் பேசிற்று. வாக்கால் நிரம்பிய ஆசனமோ ஆட்சியாளரைத் தன்னை நோக்கித் திரும்பச் செய்தது.