ஏடபிள்யூடி செடான்: பினாங்கு மழைக்கு அது தேவையா, பனிக்கு மட்டும்தானா?

பினாங்கில் பனி பெய்வதில்லை. ஆனால் பனிச் சாலைகளில் பெயர் வாங்கிய ஒரு தொழில்நுட்பம் இப்போது இங்குள்ள ஷோரூம்களிலும் விற்பனைக்கு இருக்கிறது. பல மின்சார செடான்களில் விலை கூடிய ரகத்தின் பெயரோடு 'ஏடபிள்யூடி' (ஆல் வீல் டிரைவ்) என்ற அடைமொழி ஒட்டியிருக்கும். "மழையில வழுக்காது, அதனால இதுதான் சேஃப்" என்று நண்பர்களும் சொல்வார்கள்.

அது எவ்வளவு தூரம் உண்மை? கூடுதல் பணம் கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை இதோ.

ஏடபிள்யூடி என்ன செய்கிறது?

சாதாரண காரில் முன் சக்கரங்கள் இரண்டோ, பின் சக்கரங்கள் இரண்டோதான் காரை நகர்த்தும். ஏடபிள்யூடி காரில் நான்கும் நகர்த்தும். 1980இல் வந்த ஆவ்டி குவாட்ரோ, அதன் பிறகு சுபாரு செடான்கள் எல்லாம் இதனால்தான் பனி நாடுகளில் புகழ்பெற்றன. மின்சாரக் காரில் இது இன்னும் எளிது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார், அவ்வளவுதான்.

நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்தி நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போகிறது. அதனால் ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வது குறையும். ஈரமான மேட்டில் வண்டியைக் கிளப்பும்போதும், பாலிக் புலாவ் போகும் ஜாலான் துன் சார்டோன் போன்ற மலைப்பாதையில் வளைவு முடிந்து வேகம் எடுக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும்.

பிரேக் போட்டால் உதவுமா?

உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் போட்டால் கார் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு எளிய இயற்பியல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்:

• காய்ந்த சாலை (உராய்வுக் கெழு 0.8): சுமார் 32 மீட்டர்
• ஈரச் சாலை (0.5): சுமார் 50 மீட்டர்
• இறுகிய பனி (0.2): சுமார் 125 மீட்டர்

இதில் நீங்க சுதாரிக்கும் நேரம் சேரவில்லை. ஒரு விநாடி தாமதித்தாலே கார் இன்னும் 22 மீட்டர் ஓடிவிடும். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரங்கள் காரை நகர்த்துகின்றன என்ற கேள்விக்கே இடமில்லை என்பதைக் கவனியுங்க.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏடபிள்யூடி கார் வழுக்கும் சாலையிலும் சுலபமாக வேகம் எடுப்பதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். பிரேக்கைத் தொடும்போதுதான் தெரியும்.

பாலத்தில் கனமழை பெய்தால்?

பினாங்கு பாலத்தில் வேக வரம்பு 80 கி.மீ. கனமழையில் அந்த வேகம்கூட அதிகமாக இருக்கலாம். டயரின் பள்ளங்கள் வெளியேற்றக்கூடிய அளவைவிட அதிகமாகத் தண்ணீர் தேங்கினால், டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கும். இதுதான் அக்வாபிளேனிங். நான்கு சக்கரங்களும் மிதக்கும்போது நான்குக்கும் சக்தி கொடுத்து என்ன பயன்?

வெள்ளத்திலும் இதே கதைதான். 2017 நவம்பரில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். சுமார் 30 செ.மீ. தண்ணீரே சிறிய காரை மிதக்க வைக்கலாம், 60 செ.மீ. ஓடும் நீர் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும். ஏடபிள்யூடி இருக்கு என்று வெள்ளத்தில் இறங்காதீங்க.

பணக் கணக்கு எப்படி?

பிஒய்டி சீல் காரை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் மலேசியாவில் அறிமுகமானபோது பின் சக்கர இயக்க 'பிரீமியம்' ரகம் 179,800 ரிங்கிட், ஏடபிள்யூடி 'பெர்ஃபார்மன்ஸ்' ரகம் 199,800 ரிங்கிட். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் 570 கி.மீ.இலிருந்து 520 கி.மீ. ஆகக் குறைகிறது. மோட்டார் திறன் 230 கிலோவாட்டிலிருந்து 390 கிலோவாட்டாக உயர்கிறது. 2026 முதல் மின்சாரக் கார்களின் சாலை வரி இந்தத் திறனை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதாவது வருஷா வருஷம் கூடுதல் செலவு.

அந்த 20,000 ரிங்கிட்டுக்குக் கிடைப்பது முக்கியமாக வேகம்தான். 100 கி.மீ. வேகத்தை எட்ட 5.9 விநாடிக்குப் பதில் 3.8 விநாடி. அந்த வேகம் பிடிச்சிருந்தா வாங்குங்க, தப்பில்லை. மழைப் பாதுகாப்புக்காக மட்டும் என்றால், அதே பணத்தில் ஒரு சிறு பங்கை வேறு இடத்தில் போடலாம்.

எதில் கவனம் செலுத்தலாம்?

• டயர் பள்ளம்: சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுவது நல்லது.
• டயரின் வயது: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்க. '2324' என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.
• ஈரப்பிடிப்பு: ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் மழைமேகச் சின்னத்துக்குக் கீழே உள்ள எழுத்தைப் பாருங்க. 'ஏ' சிறந்தது, 'இ' கடைசி.
• இஎஸ்சி: கார் சறுக்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக பிரேக் போட்டு நேராக்கும் வசதி. பழைய கார் வாங்கினால் இது இருக்கிறதா என்று கேளுங்க.
• காப்பீடு: முழுக் காப்பீடு எடுத்தாலும் வெள்ளச் சேதம் பொதுவாகத் தானாகச் சேராது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பனி நாட்டுக்குப் போனால்?

படிக்க கனடாவுக்கோ, விடுமுறைக்கு ஹொக்கைடோவுக்கோ போய் கார் ஓட்டப் போறீங்களா? அங்கே ஏடபிள்யூடி நிச்சயம் கைகொடுக்கும். பனியில் சிக்கிய காரை வெளியே எடுக்கவும், மேடு ஏறவும் அது வேணும். ஆனாலும் முதல் கேள்வி டயர் பற்றித்தான் இருக்கணும். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் நம் ஊர் டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாகவே இருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் டயரில் இருக்கிறதா என்று பாருங்க.

சாதா டயர் போட்ட ஏடபிள்யூடி, குளிர்கால டயர் போட்ட முன் சக்கர இயக்கக் கார் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், இரண்டாவதை எடுங்க. பனியில் நிற்பதும் திரும்புவதும் அதில்தான் சுலபம்.