சி4 நெல்

நெற்பயிரின் ஒளிச்சேர்க்கையை (சி3) மரபணுப் பொறியியல் மூலம் கரும்பு, மக்காச்சோளத்தின் முறைக்கு (சி4) மாற்ற முயலும் ஆய்வு. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2008-இல் கேட்ஸ் அறக்கட்டளை நிதியுடன் தொடங்கி, பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு மாறியது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இரு முறைகளையும் அக்கம்பக்கத்து வயல்களிலேயே பார்த்துவிடலாம். மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலைக்குப் போகும் கரும்பும், சின்னசேலம் பக்கத்து மக்காச்சோளமும், கல்வராயன் மலையில் மானாவாரியாக விளையும் சாமையும் சி4 பயிர்கள். கோமுகி அணைப் பாசனத்து நெல்லும் மரவள்ளியும் சி3.

சி3 இலையில் ரூபிஸ்கோ என்னும் நொதி காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கிறது. ஐந்தில் ஒரு முறை போல, அதற்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இந்த வீணடிப்பும் ஏறும். சி4 பயிரோ வாயுவை முதலில் வேறொரு நொதியால் நான்கு கார்பன் அமிலமாகக் கட்டி, நரம்பைச் சூழ்ந்த உறைசெல்களுக்குள் கொண்டுபோய் விடுவிக்கிறது. அங்கே வாயு அடர்ந்திருப்பதால் ரூபிஸ்கோ தடுமாறுவது அரிது. தண்ணீர்ச் செலவும் குறைவு. 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் இதைத் துலக்கியதும் கரும்பு இலையில்தான்.

நொதிகளுக்கான மரபணுக்களை நெல்லில் ஏற்றுவது முடிந்த காரியம். கட்டக்கிலுள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தினையின் மரபணுக்களைக் கொண்டும் முயன்றிருக்கிறார்கள். சிக்கல் இலையின் கட்டமைப்பில். கரும்பிலையின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்தால் நரம்புகள் நெருங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று செல்களே. நெல்லில் அந்த இடைவெளி பல மடங்கு. உறைசெல்களில் பசுங்கணிகமும் சொற்பம். மக்காச்சோளத்தின் ‘கோல்டன்2’ வகை மரபணுக்களை நெல்லில் புகுத்தியபோது உறைசெல்களின் கணிகங்கள் பெருத்தன என்று 2017-இல் வெளியான ஆய்வு, இதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். விளைச்சல் 50 சதவீதம் வரை கூடலாம் என்பது இன்னும் கணக்கீடுதான்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் ‘ரைப்’ திட்டம் ஒளிச்சேர்க்கையை மேம்படுத்தக் குறுக்கு வழியில் போகிறது. கடும் வெயிலில் இருந்த இலை நிழலுக்கு வந்ததும் விரைவாக இயல்புக்குத் திரும்பும்படி மூன்று மரபணுக்களைச் சோயாவில் சேர்த்தார்கள். ஒரு பருவத்தில் மகசூல் சராசரியாக 24 சதவீதம் கூடியதாக 2022-இல் அறிவித்தார்கள். அடுத்த பருவத்தில் காற்றில் பயிர் சாய்ந்ததால் அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. மரவள்ளியும் இவர்கள் ஆய்வில் இருப்பதால், அதைப் பயிரிடும் கல்வராயன் மலை விவசாயிக்கு சி4 நெல்லைவிட இதுவே பக்கத்தில் வரக்கூடியது.

வெளி மரபணு கலக்காத சில மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகளிலிருந்து இந்திய அரசு 2022-இல் விலக்கு அளித்தது. மக்காச்சோள மரபணு ஏறிய நெல் அந்தச் சலுகைக்குள் வராது.