கதிரியக்க அயோடின்: தவிர்க்க முயன்ற விளைவே இலக்கான வரலாறு

உடலின் வளர்சிதை மாற்ற வேகத்தை ஆளும் ஹார்மோனைச் சுரக்கத் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் தேவை என்பதும், இரத்தத்தில் கலக்கும் அயோடினைப் பிற உறுப்புகளைவிட அது பன்மடங்கு ஈர்த்துக்கொள்ளும் என்பதும் முன்பே அறியப்பட்டவை. இவற்றில், தைராய்டு அளவுமீறிச் சுரக்கும் மிகைச் சுரப்பு நோயைக் கதிர்வீச்சால் அடக்கும் ஒரு சிகிச்சை வழியைக் கண்டவர், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தைராய்டு பிரிவை நடத்திவந்த சால் ஹெர்ட்ஸ். 1936 நவம்பரில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் உரையாற்றியபோது, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உடையதாக்க இயலுமா என்று ஹெர்ட்ஸ் வினவினார். முயல்களில் சோதிக்கப்பட்ட அயோடின்-128இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 25 நிமிடங்களே ஆதலால் அது சிகிச்சைக்கு உதவவில்லை. துகள்களை முடுக்கும் சைக்ளோட்ரான் கருவியில் 12 மணி நேர அரை ஆயுளுடைய அயோடின்-130 கிடைத்த பின்னரே, 1941 மார்ச் இறுதியில், முதல் நோயாளிக்கு மருந்து புகட்டப்பட்டது.

கதிரியக்க மருந்துக்குப் பின் ஹெர்ட்ஸ் சாதாரண அயோடினையும் கொடுத்துவந்தமையால், குணம் எதனால் விளைந்தது என்ற ஐயம் எழுந்தது. போர்க்காலத்தில் அவர் கடற்படைக்குச் செல்ல, பணியைத் தொடர்ந்த ஏர்ல் சாப்மன் சாதாரண அயோடினை விலக்கி, கூடுதல் அளவில் மருந்தளித்தார். இருவர் அறிக்கைகளும் 1946 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. 1950இல், 45 வயதிலேயே மறைந்த ஹெர்ட்ஸுக்கு உரிய முதன்மை நெடுங்காலம் வழங்கப்படாமற்போனது வருந்தத்தக்கது.

போருக்குப் பின் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து எட்டு நாள் அரை ஆயுளுடைய அயோடின்-131 மலிவாகக் கிடைக்கவே, சிகிச்சை விரைந்து பரவியது. மிகைச் சுரப்பு பெரும்பாலோருக்கு அடங்கியது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சுரப்பு குன்றி, சோர்வும் குளிர் தாங்காமையும் உடல் வீக்கமும் தோன்றும் தைராய்டு குறைச் சுரப்புக்குப் பலர் ஆளாயினர். இதைத் தவிர்க்க 1960களில் மருந்தளவைக் குறைத்தபோது, நோய் நீடித்தோர் தொகை கூடியதேயன்றிக் குறைச் சுரப்பு ஒழியவில்லை, தள்ளிப்போயிற்று. நாள்தோறும் விழுங்கும் லெவோதைராக்சின் மாத்திரை அக்குறையை எளிதாக ஈடுசெய்வதால், தைராய்டைத் தன்னெதிர்ப்பு ஆற்றலே தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயில் குறைச் சுரப்பையே இலக்காகக் கொண்டு மருந்தளிப்பது பின்னர் வழக்கமாயிற்று. நோயாளியை ஆண்டுக்கணக்கில் நிச்சயமின்மையில் வைப்பதைவிட இது நேர்மையான முடிவே. எனினும் அவர் வாழ்நாள் முழுதும் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு.

இக்கதிர்வீச்சு புற்றுநோயை விளைவிக்குமோ என்ற அச்சத்தை ஆராய ஏறத்தாழ 36,000 நோயாளிகளைத் தொடர்ந்த கூட்டாய்வு, அறுவைச் சிகிச்சை பெற்றோரைவிடக் கதிரியக்க அயோடின் பெற்றோரிடம் இரத்தப் புற்றுநோய் மிகவில்லை என்று 1968இல் அறிவித்தது. அதே நோயாளிகளில் ஒரு பகுதியினரைப் பற்றிய 2019ஆம் ஆண்டு ஆய்வோ, உறுப்புகள் ஏற்ற கதிர்வீச்சின் அளவு கூடும்போது சில புற்றுநோய் இறப்புகளும் சிறிதளவு கூடுவதாகக் கணித்தது. அதன் பொருள் குறித்த விவாதம் மருத்துவரிடையே தொடர்கிறது.