அளவுகோல் எனும் அமானிதம்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றின் கரையில் உள்ள தாடிக்கொம்பு, சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் சிற்பங்களால் பெயர்பெற்ற ஊர். அவ்வூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், கண்ணுக்குப் புலப்படாத கோடொன்று தென்வடலாகச் செல்கிறது. அது 78-ஆம் தீர்க்கரேகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குமரிமுனைப் பகுதி தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரை பூமியின் வளைவு அளக்கப்பட்டது இக்கோட்டை ஒட்டித்தான். உலக நாடுகள் ஒரே அளவுகோலின்கீழ் ஒன்றுகூடிய வரலாற்றில் இந்த அளவைக்கும் ஓர் இடமுண்டு.

இதனினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்முயற்சி பக்தாதில் எழுந்தது. கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சிபுரிந்த கலீஃபா அல்-மஃமூன், பூமியின் ஒரு பாகை எவ்வளவு தூரம் என அறிய விழைந்து, அறிஞர்களைச் சின்ஜார் சமவெளிக்கு அனுப்பினார். துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை ஒரு குழுவினர் வடக்கேயும் மற்றொரு குழுவினர் தெற்கேயும் கயிறு பிடித்து அளந்து சென்றனர். ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரு பங்கும் என்ற முடிவு அல்-ஃபர்கானியின் நூல்வழியே இலத்தீன் உலகை அடைந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் கொலம்பஸ் அந்த எண்ணைக் கையாண்டார். ஆனால் அறபு மைலை, அதனினும் குறுகிய உரோம மைல் எனக் கொண்டார். அவரது கணக்கில் பூமி கால்பங்கு சுருங்கிப்போயிற்று. எண்ணில் பிழையில்லை, அந்த எண்ணுக்குரிய கோல் அதனுடன் பயணம் செய்யவில்லை. கோலைப் பிரிந்த எண் நம்பத்தகாதது என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே தம் முதல் அடிக்கோட்டை அளந்த வில்லியம் லாம்டன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். இழுத்து இழுத்துத் தேயும். எனவே மற்றொரு சங்கிலியைப் பயன்படுத்தாமல் காத்து வைத்து, அதனுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார். 1806-இல் கோயம்புத்தூர்ப் பகுதியிலும், 1809-இல் திருநெல்வேலிப் பகுதியிலும் புதிய அடிக்கோடுகளை அளந்து தம் கணக்கைத் தாமே சோதித்தார். அவருக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் இப்பணியின் நுண்கருவிகளைச் செப்பனிட்டுக் காத்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் மொஹ்சின் ஹுசைன். 1843-இல் கருவி ஆக்குநர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும் ஒரு வினா எஞ்சியது. இந்தியாவில் அளந்த அடியும் இலண்டனின் அடியும் ஒன்றுதானா? பிரான்சும் ரஷ்யாவும் அளந்த வளைவுகளோடு நம் வளைவை எப்படி இணைப்பது? 1834-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீக்கிரையானபோது அந்நாட்டின் மூலக் கெஜக்கோலே பாழாகியிருந்தது. பிற கோல்களோடு முன்னர் ஒப்பிட்டு வைத்திருந்ததனால்தான் அதனை மீட்டமைக்க இயன்றது. ஆகவே இங்கிலாந்து, பிரான்சு, பெல்ஜியம், பிரஷ்யா, ரஷ்யா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் நீளக்கோல்களை சௌதாம்ப்டன் நகரில் அலெக்சாண்டர் கிளார்க் ஒப்பிட்டாய்ந்து, 1866-இல் முடிவுகளை வெளியிட்டார். இந்திய நில அளவைக்குரிய 10 அடிக் கோல்களும் அவற்றுள் இடம்பெற்றன.

அடுத்த ஆண்டே பெர்லினில் கூடிய புவியளவை அறிஞர்கள் பொதுவானதோர் அளவை நிலையம் வேண்டுமென வலியுறுத்தினர். 1875 மே 20-இல் பாரிசில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. உஸ்மானியப் பேரரசும் அவற்றுள் ஒன்று. விடுதலை பெற்ற இந்தியா 1956-இல் எடை அளவுச் சட்டம் இயற்றி, 1957-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. நமக்குரிய 57-ஆம் எண் கிலோகிராம் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பேணப்படுகிறது.

பாரிசை அடுத்த செவ்ர் நகரின் மூலக் கிலோகிராமும் மாற்றத்திற்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. ஒரு நூற்றாண்டில் அதற்கும் அதன் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியது. படிகளோடு ஒப்பிட்டிராவிடில் அதுவும் தெரிந்திராது. எனவே 2018 நவம்பர் 16-இல் வெர்சாய் நகரில் கூடிய நாடுகள் கிலோகிராமை இயற்கையின் மாறிலியான பிளாங்க் மாறிலியின் அடிப்படையில் வரையறுக்க இசைந்தன. 2019 மே 20 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆயினும் நாடுகளின் ஆய்வகங்கள் தம் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பணி முடிந்துவிடவில்லை.

தாடிக்கொம்பில் ஒரு கடைக்காரர் தராசில் வைக்கும் முத்திரையிட்ட எடைக்கல், மாநில ஆய்வகம் வழியாகத் தில்லிக்கும், அங்கிருந்து உலகிற்கும் கட்டுண்டது. அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் 'அல்-முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை ஓதிவரும் நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று. நேர்மையாக அளக்க எண்ணுபவர், தம் கோலைப் பிறர் சோதிக்கவும் ஒப்புக்கொடுத்தல் வேண்டும். அதனைச் செய்ய மறுத்த நாடு உலகில் எதுவாயினும், அதன் அளவு அதன் எல்லைக்குள்ளேயே நின்றுபோகும்.